நெட் வரவில்லையா? வீட்டு வைஃபை கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

வீட்டில் "நெட் வரலை" என்று ஒரு குரல் கேட்டால் போதும், யாராவது ஒருவர் போய் ரௌட்டரை அணைத்துப் போட்டுவிடுவார்கள். பல நேரம் அதிலேயே சரியாகியும்விடும். ஆகாதபோதுதான் சிக்கல். பெட்டியில் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது என்பது அணைத்த கையோடு மறைந்துவிடும். அப்புறம் ஆளுக்கொரு காரணம் சொல்லி, கடைசியில் புது ரௌட்டர் வாங்குவதில் போய் முடியும்.

சொந்தக்காரர் வீடு, நண்பர்கள் வீடு என்று இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது என்ற வரிசை மனதில் படிந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத வழி முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

## கை வைக்கும் முன்

இரண்டு கேள்விகள். நெட் எல்லாருக்கும் வரவில்லையா, ஒரே ஒரு போனிலோ லேப்டாப்பிலோ மட்டும் வரவில்லையா? வராத நேரத்தில் வைஃபை சின்னம் திரையில் நிற்கிறதா, சின்னமே காணாமல் போகிறதா?

இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் தேட வேண்டிய இடம் சட்டென்று சுருங்கிவிடும். எல்லாருக்கும் வரவில்லை, சின்னம் மட்டும் இருக்கிறது என்றால் ரௌட்டருக்கு வெளியே பாருங்கள். ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் அவர் கையிலிருக்கும் கருவியைப் பாருங்கள். சின்னமே போய்ப் போய் வருகிறது என்றால் ரௌட்டரையும் அது இருக்கும் இடத்தையும் பாருங்கள்.

அடுத்து, பெட்டியின் விளக்குகளை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் விளக்கு சிமிட்டும், அதனால் பத்து நொடி வீடியோ இன்னும் நல்லது. நெட் இணைப்பு கொடுத்த கம்பெனிக்கு போன் போடும்போது "எந்த விளக்கு எரியுது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஒரு லேன் கேபிள் வீட்டில் இருக்கட்டும். லேப்டாப்பை ரௌட்டரோடு கேபிளில் இணைத்துப் பார்ப்பது போலத் தெளிவான சோதனை வேறு கிடையாது. கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் வரவில்லை என்றால் கம்பெனியைத் திட்டி பயனில்லை. கேபிளிலும் வரவில்லை என்றால் ரௌட்டரை இடம் மாற்றி பயனில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், அல்லது ரீசெட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தாதீர்கள். அது ரீஸ்டார்ட் இல்லை. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, கம்பெனி போட்டுக்கொடுத்த லாகின் எல்லாவற்றையும் அழித்துவிடும். சின்னக் கோளாறோடு இருந்த வீடு அதற்கப்புறம் ஆள் வரும்வரை முழுதாக நின்றுவிடும். அணைத்துப் போட வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள், அது போதும்.

## அறிகுறி 1: எந்தக் கருவியிலும் நெட் இல்லை

### பெட்டியில் விளக்கே எரியவில்லை

பிளக் தளர்ந்திருக்கிறதா, எக்ஸ்டென்ஷன் பலகையின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கூட்டிப் பெருக்கும்போது காலோ துடைப்பமோ பட்டு அணைவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதே பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால் கரன்ட் வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

கரன்ட் வருகிறது, பெட்டி எரியவில்லை என்றால் அடாப்டர் மேல் சந்தேகப்படுங்கள். ரௌட்டரைவிட அதன் அடாப்டர்தான் முதலில் சாகும். வேறு அடாப்டரை மாட்டிப் பார்க்கும் முன் இரண்டின் மேலும் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் எண் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் எண் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் காட்டும் சின்னமும் ஒத்துப்போக வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் பெட்டியில் செருகினால் பெட்டியே போய்விடும். டிவி அலமாரியைத் துடைத்த மறுநாள் நெட் நின்றது என்றால், செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் ரௌட்டர் அடாப்டரும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

### எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளுக்கு இது. வெளியிலிருந்து வரும் ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்பது இதன் பொருள். எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இது மாறாது.

நீங்கள் பார்க்கக்கூடியது வீட்டுக்குள் இருக்கும் மெல்லிய ஃபைபர் கம்பியை மட்டும்தான். அது சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கலாம், ஜன்னல் கதவில் மாட்டியிருக்கலாம், கூர்மையாக மடிந்திருக்கலாம். ஃபைபர் என்பது உள்ளே கண்ணாடி இழை. அறாவிட்டாலும் அழுத்தி மடித்தால் ஒளி கசிந்துவிடும். மடிப்பைத் தளர்த்தி, உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய வளைவாக விட்டாலே சில நேரம் சிவப்பு அணைந்துவிடும். பெட்டியில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் முனை முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று மெல்ல அழுத்திப் பாருங்கள்.

முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். அதில் போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, எரிகிறதா இல்லையா என்று பார்த்தால் தெரியாது, கண்ணுக்குத்தான் கெடுதல். முனையை விரலால் தொட்டாலும் அழுக்கு ஒட்டி ஒளி குறையும். வளைவைத் தளர்த்தியும் சிவப்பு போகவில்லையா, கம்பெனியைக் கூப்பிட்டுவிடுங்கள். இதில் நாம் செய்ய வேறு எதுவும் இல்லை.

### பிஓஎன் (ஃபைபர் இணைப்பைக் காட்டும்) விளக்கு நின்று எரிகிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லை

முதலில் பணம் கட்டியிருக்கிறதா, பிளான் முடிந்துவிட்டதா என்று மொபைல் டேட்டாவில் பாருங்கள். சொல்லவே சங்கடமான காரணம்தான், ஆனால் ரௌட்டரைப் பிரித்துப் போட்டு ஒரு மணி நேரம் தேடிய பிறகு இது தெரியவருவதைவிட நல்லது. அடுத்து, பக்கத்து வீட்டில் அதே கம்பெனி இணைப்பு இருந்தால் அவர்களுக்கு வருகிறதா என்று கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் காத்திருப்பதுதான் வழி.

அவர்களுக்கு வருகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் இப்போது ரீஸ்டார்ட் செய்யலாம். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனியாக இருக்கும் வீடுகளில் இதற்கு ஒரு வரிசை உண்டு. இரண்டையும் அணையுங்கள். சில நிமிடம் விடுங்கள், பழைய இணைப்பு கம்பெனிப் பக்கத்தில் துண்டிக்கப்படக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஃபைபர் பெட்டியை முதலில் போட்டு, பிஓஎன் விளக்கு சிமிட்டாமல் நிற்கும்வரை காத்திருங்கள். அதற்கப்புறம் ரௌட்டரைப் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால், ஃபைபர் பெட்டி தயாராகும் முன்பே ரௌட்டர் முயன்று பார்த்துத் தோற்றுப்போய் அப்படியே நின்றுவிடுவது உண்டு.

### எல்லா விளக்கும் சரி, ஆனாலும் எந்தத் தளமும் திறக்கவில்லை

லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டையோ டெர்மினலையோ திறந்து பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் பிரவுசரில் எதுவும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு, அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில் சிக்கல். ரௌட்டர் செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்றும் 1.1.1.1 என்றும் போட்டுச் சேமித்துவிடுங்கள். ரௌட்டர் செட்டிங் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். பிங்குக்கும் பதில் இல்லையென்றால் கம்பெனிக்கு போன் போடுங்கள்.

## அறிகுறி 2: ஒரே ஒரு கருவியில் மட்டும் வரவில்லை

இந்த அறிகுறிக்கு எடுத்த எடுப்பில் ரௌட்டரைத் தொட வேண்டாம்.

ஏரோபிளேன் மோடு, விபிஎன், விளம்பரம் தடுக்கும் ஆப், இவை மூன்றையும் அணைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் போன்களில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று வந்துவிட்டது. யாரோ சொன்னதைக் கேட்டு அதில் ஒரு முகவரியைப் போட்டுவைத்து மறந்திருப்பார்கள். அந்த முகவரி வேலை செய்யாத நாளில் போனில் நெட் முழுக்க நின்றுவிடும். அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள்.

பழைய லேப்டாப்பில் எல்லாத் தளமும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரித்தால் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்த கையோடு தளங்கள் திறக்கும்.

அதற்கும் மேல் என்றால், அந்த வைஃபை பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து அழித்துவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். செட்டிங்கில் ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம், இந்த 'ஃபர்கெட்' வழியே பல நேரம் போதும்.

பிள்ளைகளின் போனுக்கு ரௌட்டரில் நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கும் வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தாமாக ஒரு மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) உண்டாக்கிக்கொள்கின்றன. ரௌட்டர் ஆளை அடையாளம் பார்ப்பது அந்த முகவரியை வைத்துத்தான். போனை மாற்றினாலோ ரீசெட் செய்தாலோ முகவரி மாறி, கட்டுப்பாடு வேலை செய்யாமல் போகும். அனுமதித்தவர்களை மட்டும் சேர்க்கும்படி ரௌட்டரைப் பூட்டியிருந்தால் அந்தப் போன் உள்ளேயே வர முடியாது. அந்தப் பிள்ளை ஏதோ தகிடுதத்தம் செய்துவிட்டதாக நினைத்து வீட்டில் சண்டை வந்ததைப் பார்த்திருக்கிறேன். நம் வீட்டு வைஃபைக்கு மட்டும் போனின் நிஜ மேக் முகவரியைப் பயன்படுத்தும்படி மாற்றிவிடுங்கள், முடிந்தது.

பிரின்டர், கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவை புது ரௌட்டரோடு சேர மறுத்தால் இரண்டு காரணம் உண்டு. ஒன்று, வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இவற்றில் பல 2.4 மட்டும்தான் பேசும். 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவைத்து, சேர்ந்த பிறகு போடுங்கள். இன்னொன்று, ரௌட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கருவிகள் சேராது. டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி 3: வேகம் போதவில்லை

### முதலில் அளவைச் சரியாகப் படியுங்கள்

கம்பெனி சொல்வது மெகாபிட். பைல் இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பிளானில் பைல் நொடிக்கு 12 மெகாபைட் அளவில் இறங்கினால் எந்தக் குறையும் இல்லை.

### கேபிளில் போட்டுப் பாருங்கள்

லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, மற்றவர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள்.

இதில் ஓர் எண்ணைக் கவனியுங்கள். உங்கள் பிளான் 200 அல்லது 300 எம்பிபிஎஸ், ஆனால் எத்தனை முறை போட்டாலும் 93, 94 என்று அங்கேயே முட்டி நிற்கிறதா? பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100-க்கு நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். 100-க்குத் தேவையில்லாத மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும், முனையில் அது சரியாக இறுக்கப்படாவிட்டாலும் பெரும்பாலும் இணைப்பு நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் கூடுதல் பிளானுக்குப் பணம் கட்டி, 94-ஐ மட்டுமே அனுபவித்துக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவில் இருக்கும் குட்டி கேபிளை முதலில் மாற்றுங்கள், மேலே 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்க வேண்டும். லேப்டாப்புக்கு வரும் கேபிளையும் அப்படியே பாருங்கள். மாற்றியும் 94 என்றால் ரௌட்டரின் போர்ட்டோ லேப்டாப்பின் போர்ட்டோ 100-க்கு மேல் போகாத வகையாக இருக்கும்.

கேபிளில் காலையில் சரியான வேகம், சாயங்காலம் மட்டும் பாதிக்குக் கீழே என்றால் அது கம்பெனிப் பக்க நெரிசல். சில நாள் நேரத்தோடு குறித்துவைத்துப் புகார் கொடுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி அனுப்பிவிடுவார்கள், எண்களை வைத்துப் பேசினால் அப்படி எளிதில் அனுப்ப முடியாது.

### கேபிளில் சரி, வைஃபையில் மந்தம்

ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று டிவிக்குப் பின்னாலும், மூடிய அலமாரிக்குள்ளும், தரையிலும் ஒளித்துவைத்திருப்பார்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி எல்லாம் சிக்னலைத் தின்பவை. இவற்றுக்குப் பின்னால் ரௌட்டர் இருந்தால் அந்தப் பக்கத்து அறைகள் பாவம். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் தோள் உயரத்துக்குத் திறந்த இடத்தில் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் காசு கொடுத்து வாங்கும் பல தீர்வுகளைவிட இது அதிகம் உதவும்.

அடுத்து, போன் எந்த பேண்டில் (அலைவரிசையில்) இருக்கிறது என்று பாருங்கள். வெளியிலிருந்து வீட்டை நெருங்கும்போது தூரம் எட்டும் 2.4-ஐ முதலில் பிடித்துக்கொண்டு, ரௌட்டருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் அதிலேயே கிடக்கும் போன்கள் உண்டு. வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டால் 5-க்குத் தாவிவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 பேண்ட் எப்போதும் நெரிசல்தான். ரௌட்டர் செட்டிங்கில் சேனல் (பேண்டின் உட்பிரிவு) 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள், ஒன்றோடொன்று மோதாதவை இவை மூன்றுதான். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். இவ்வளவுக்கும் அசையவில்லை, ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது என்றால்தான் புது ரௌட்டர் பற்றி யோசிக்கலாம்.

## அறிகுறி 4: அடிக்கடி கட்டாகிக் கட்டாகி வருகிறது

வீட்டில் எல்லாருடைய பொறுமையையும் சோதிப்பது இதுதான். முழுசாக நின்றுபோனால் ஆளைக் கூப்பிட்டுவிடலாம். இதில் ஆள் வரும் நேரம் பார்த்து எல்லாம் சரியாக ஓடும். அதனால் கட்டாகும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று வீட்டில் ஒருவர் கவனித்தாக வேண்டும்.

### கட்டாகும்போது பெட்டியின் எல்லா விளக்கும் அணைந்து மறுபடி எரிகிறது

ரௌட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பிளக் தளர்வா என்று பார்த்த பிறகு அடாப்டருக்கு வாருங்கள். வயதான அடாப்டர் ஒரேயடியாகச் சாகாது. ஒருவர் மட்டும் மெயில் பார்க்கும்போது தாங்கும், எல்லாரும் வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு வீடியோ போடும்போது தாங்காது. தொட்டால் கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ, மெல்லிய 'கீ' என்ற சத்தம் வந்தாலோ மாற்றிவிடுங்கள். அடாப்டர் மாற்றியும் நிற்கவில்லை, ரௌட்டரே கொதிக்கிறது என்றால் மேலே அடுக்கியிருக்கும் சாமான்களை எடுத்துக் காற்றுபட வையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரௌட்டருக்கு ஆயுள் முடிந்தது.

### விளக்குகள் எரிகின்றன, வைஃபை சின்னம் மட்டும் போய் வருகிறது

மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் என்றால் காரணம் அதுவேதான். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இயங்குகிறது. கருவிகளை 5-க்கு மாற்றுங்கள்.

ரௌட்டரின் பின்னால் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறீர்களா? யுஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கேபிளும் 2.4 பேண்டில் இரைச்சல் எழுப்பும். கழற்றிவைத்து ஒரு நாள் பாருங்கள். வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு தடுமாறினாலும் இதே சந்தேகம்தான்.

5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திடீரென்று மறைந்து, ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கழித்து வருகிறது என்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பங்கு போட்டுக்கொள்பவை. ரேடார் சத்தம் கேட்டதாகத் தோன்றினாலே ரௌட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே விலக வேண்டும் என்பது விதி, அரை மணி நேரத்துக்கு அங்கே திரும்பவும் கூடாது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது அதிகம் நடக்கும். சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 36 முதல் 48-க்குள் ஒன்றில் நிறுத்திவிடுங்கள்.

### சின்னம் நிற்கிறது, நெட் மட்டும் போய் வருகிறது

வீட்டில் இரண்டு ரௌட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓர் உறவினர் வீட்டில் ஒரு நாளைக்கு அக்காவின் போனில் வராது, மறுநாள் மாமாவின் லேப்டாப்பில் வராது, டிவி மட்டும் எப்போதும் ஓடும். கம்பெனி ஆள் வந்து பெட்டியையே மாற்றிக்கொடுத்தும் அதே கதை. மாடியில் தேடியபோது பழைய ரௌட்டர் ஒன்று லேன் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே சிக்னல் எட்டட்டும் என்று மாட்டியதாம். இரண்டு பெட்டியும் ஆளுக்கொரு பக்கம் ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. பழைய பெட்டியிடம் முகவரி வாங்கிய கருவிக்கு வெளியே போக வழி தெரியவில்லை. பழையதில் முகவரி கொடுக்கும் வேலையான டிஹெச்சிபி என்பதை அணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றியதும் எல்லாம் அடங்கிவிட்டது. பழைய ரௌட்டரை மறுபடி பயன்படுத்தும் எல்லாரும் செய்ய வேண்டியது இது: டிஹெச்சிபி அணைத்திருக்க வேண்டும், முகவரி புதியதோடு மோதக் கூடாது, கேபிளைப் பழைய ரௌட்டரின் இன்டர்நெட் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும்.

ஒரே ரௌட்டர்தான் என்றால் ஃபைபர் பெட்டியின் செட்டிங் பக்கத்தில் 'ஆப்டிகல்' அல்லது 'ஆர்எக்ஸ் பவர்' என்ற எண்ணைத் தேடுங்கள், பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் வலிமை அது. அது டிபிஎம் அளவில், கழித்தல் குறியோடு இருக்கும். வீட்டு ஃபைபர் பெட்டிகள் பெரும்பாலும் -8 முதல் -27 வரை தாங்கும். -20 பக்கத்தில் இருந்தால் நிம்மதி. -26, -27 என்று விளிம்பில் நின்றால், மழையோ வெயிலோ கொஞ்சம் அசைத்தாலும் இணைப்பு விழும். வெளியே எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது முனை அழுக்காக இருக்கிறது. இதைச் சரிசெய்ய அவர்களிடம் மட்டுமே கருவி உண்டு. இந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால் வரும் ஆள் நேராகக் கம்பியைப் பார்ப்பார், நம் ரௌட்டரைக் குறை சொல்லிப் பொழுதைப் போக்க மாட்டார்.

## அறிகுறி 5: ஒரு அறைக்கு மட்டும் எட்டவில்லை

ரௌட்டரை அந்த அறைப் பக்கம் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். ஒரே சுவரைச் சாய்வாகக் கடப்பதைவிட நேராகக் கடக்கும்போது சிக்னல் குறைவாக இழக்கும், அதனால் இரண்டு மூன்று அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ஒரு தள வீட்டில் ஆன்டெனாக்களை நிமிர்த்தி வையுங்கள்.

நகர்த்த வழியில்லை என்றால், அந்த அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதுதான் என் கணக்கில் முதலிடம். ஒரு முறை துளை போடும் தொந்தரவோடு விஷயம் முடிந்துவிடும். கேபிள் இழுக்க முடியாத வாடகை வீட்டில் மெஷ் (கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள்) வாங்கலாம். சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் மலிவு, ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுப்பதால் வேகம் பாதியாகும். வாங்குவதென்றால் சிக்னல் செத்த அறையில் வைக்காதீர்கள். அங்கே அதற்கே சிக்னல் கிடைக்காதே, எதை எடுத்துக் கொடுக்கும்? ரௌட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

## அறிகுறி 6: வீடியோ காலில் அவர்கள் பேசுவது தெளிவு, நாம் பேசுவது மட்டும் உடைகிறது

தூரத்தில் இருக்கும் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் பேசும் நேரத்தில்தான் இது நடக்கும், அதனால் மனசு ரொம்பவே நொந்துபோகும். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோடு அருமையாக இருக்கும். அப்லோடைப் பாருங்கள்.

வீட்டில் யாருடைய போனாவது சார்ஜில் கிடந்தபடி அன்று எடுத்த வீடியோக்களை எல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருக்கலாம். லேப்டாப் பேக்கப், கிளவுடில் சேமிக்கும் கேமரா இவையும் அப்படித்தான். கால் பேசும்போது இவற்றை நிறுத்திவைத்துப் பாருங்கள். குரல் தெளிந்துவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது, பேக்கப்பை இரவு தூங்கும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். ரௌட்டரில் 'க்யூஓஎஸ்' (எதற்கு முன்னுரிமை என்று பிரிக்கும் வசதி) இருந்தால் அப்லோடு வரம்பை டெஸ்டில் வந்த எண்ணைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்து வையுங்கள், அப்போது பைல்கள் வரிசையை அடைத்துக்கொள்ளாமல் குரலுக்கு வழி கிடைக்கும். எல்லாவற்றையும் நிறுத்தியும் உடைகிறது என்றால் ரௌட்டர் இருக்கும் அறைக்கே வந்து பேசிப் பாருங்கள். அங்கே தெளிவு என்றால் அறிகுறி 5-க்குப் போங்கள்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய நேரமும், அவர் கிளம்பும் முன்னும்

எல்ஓஎஸ் சிவப்பு, ஆர்எக்ஸ் பவர் -26-க்குக் கீழே, கேபிளில் நேராகப் போட்டும் நெட் இல்லாமை அல்லது வேகமின்மை, பெட்டியிலோ அடாப்டரிலோ கருகிய வாசனை. இந்த நான்கில் ஒன்று இருந்தால் மேற்கொண்டு முயல வேண்டாம். கருகிய வாசனை என்றால் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

போனில் பேசும்போது மூன்றை மட்டும் சொல்லுங்கள்: எந்த விளக்கு எப்படி எரிகிறது, கேபிளில் சோதித்ததில் என்ன வந்தது, எந்த நேரத்தில் நடக்கிறது. புகார் எண்ணை வாங்கிக்கொள்ளாமல் வைக்காதீர்கள்.

வந்தவர் பெட்டியை மாற்றினால், பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் புதியதிலும் போடச் சொல்லுங்கள். அப்போது டிவி, பிரின்டர், கேமரா, பாட்டியின் போன் எல்லாம் தாமாகவே சேர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றாக உட்கார்ந்து பாஸ்வேர்டு அடிக்க வேண்டியதில்லை. ரௌட்டர் செட்டிங்கின் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் அவர் போன பிறகு மாற்றுங்கள். அவர் வீட்டில் இருக்கும்போதே சிக்னல் மோசமான கடைசி அறைக்கு போனை எடுத்துக்கொண்டு போய், ஒரு வீடியோ கால் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.